இதய நோயாளிகளும் வைட்டமின் மாத்திரைகளும்: மரபணு எங்கே குறுக்கிடுகிறது?

எனக்கு நீரிழிவு உண்டு, ஸ்டென்ட்டும் பொருத்தியிருக்கிறார்கள். வைட்டமின் ஈ சிலருக்கு மட்டும் பலன் தரும் என்பது உண்மையா? (வாசகர், யீஷூன்)

ஓரளவு உண்மை. நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஹோப் ஆய்வு, அதனால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. சிவப்பணுக்கள் சிதையும்போது வெளிப்படும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, அதன் இரும்பு இரத்தக் குழாய்களைக் கெடுக்காமல் தடுக்கும் ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தைச் சிலர் பின்னர் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே இப்புரதத்தின் 2-2 என்ற மரபணு வகை அமைந்தவர்களிடம், அதுவும் நீரிழிவு இருந்தால், இந்தப் பாதுகாப்பு வலுவிழக்கிறது. அத்தகைய 1,434 பேரிடம் இஸ்ரேலில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் ஈ உட்கொண்டவர்களில் 2.2 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 4.7 விழுக்காட்டினரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்கு ஆளானார்கள்.

இந்திய வம்சாவளியினரிடம் 2-2 வகை அதிகம் என்பதால் நம்மவர்கள் இச்செய்தியை ஆவலோடு பகிர்கிறார்கள். எனினும் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தும்போது பலன் பெரிதாகத் தெரிவது வழக்கம். இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் உட்கொள்ளும் உங்களைப் போன்றவர்களுக்கு வைட்டமின் ஈ இரத்தக்கசிவைக் கூட்டவும் கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

செயற்கை வால்வு பொருத்திய எனக்கு, அதே சிகிச்சை பெற்ற சீனத் தோழியைவிடக் கூடுதல் வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தருகிறார்கள். முருங்கைக் கீரை சாப்பிடுவதாலா? மல்டிவைட்டமின் எடுக்கலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

கீரையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். இரத்தம் உறைய, கீரையில் நிறைந்துள்ள வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயன்படுத்தத்தக்கதாக மாற்றும் நொதியைத்தான் வார்ஃபரின் முடக்குகிறது. அந்த நொதியைக் குறைவாக உண்டாக்கும் மரபணு வடிவம் சீனர்களிடம் மிகப் பரவலாகவும் இந்தியர்களிடம் குறைவாகவும் காணப்படுவதால், சராசரியாக இந்தியர்களுக்கு அதிக மருந்தளவு தேவைப்படுகிறது. மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதியின் மரபணு, வயது, எடை, பிற மருந்துகள் ஆகியவையும் அளவை மாற்றும். எனவே தோழியின் அளவு உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

கீரையை நிறுத்துவதைவிட, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுவதே முக்கியம். மல்டிவைட்டமின் பெட்டியில் வைட்டமின் கே குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்து, தொடங்கும் முன்பே வார்ஃபரின் பிரிவில் சொல்லுங்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்வார்கள்.

எச்சில் பரிசோதனையில் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் மாற்றம் என்று வந்தது. ஃபோலிக் அமிலம் மாரடைப்பைத் தடுக்குமா?

ஃபோலிக் அமிலத்தை உடல் பயன்படுத்த உதவும் மரபணு அது. அதில் உள்ள அந்த மாற்றம், இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை இரத்தத்தில் கூட்டக்கூடும். ஃபோலிக் அமிலம் அதைக் குறைக்கும். ஆனால் 2006இல் வெளிவந்த ஹோப்-2, நார்விட் ஆகிய இரு ஆய்வுகளிலும் ஹோமோசிஸ்டீன் குறைந்ததே தவிர மாரடைப்பு குறையவில்லை. உணவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கமில்லாத சீனாவில் இரத்த அழுத்த நோயாளிகளிடம் நடந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் முதல் பக்கவாதம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது உண்மைதான். அதை எல்லா இதய நோயாளிகளுக்கும் பொருத்த முடியாது.

இந்த மரபணுவைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் சைவ உணவினராகவோ நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவராகவோ இருந்தால், முதலில் பி12 அளவைப் பாருங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால் இரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு தெரியாமலே வளரும்.

வைட்டமின் டி?

இதயத்துக்காக என்றால் வேண்டாம். 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் நாளுக்கு 2,000 யூனிட் கொடுத்தும் இதய நோய் குறையவில்லை. குறைபாடு உறுதியானால் எலும்புக்காக எடுங்கள்.

வைட்டமின் சி டிரிப் ஏற்றிக்கொள்ள நினைக்கிறேன். எனக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது) உண்டு. (வாசகர், தெம்பனிஸ்)

ஏற்றிக்கொள்ளாதீர்கள். இக்குறைபாடு உள்ளவர்களுக்கு நரம்பு வழியே அதிக அளவு வைட்டமின் சி செலுத்தினால் சிவப்பணுக்கள் சிதைந்து திடீர் இரத்தசோகை வரலாம். பழுதான இதயம் அதைத் தாங்குவது கடினம். பழங்களில் உள்ள அளவைப் பற்றி அஞ்ச வேண்டாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இப்பரிசோதனை செய்யப்படுவதால், இங்கே பிறந்த பலருடைய சுகாதாரப் புத்தகத்தில் முடிவு பதிவாகியிருக்கும். எந்த ஊசிக்கும் முன் அதைக் காட்டுங்கள்.