தனியாக ஜெபிக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை

கேள்வி: பெரியகல்லாற்றில் இருக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் வேலை. விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். கணவர் கட்டாரில். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், இரவில் மாமி நடத்தும் குடும்ப ஜெபம், எதையும் விடுவதில்லை. ஆனால் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் மனம் மகளின் டியூஷன் காசுக்கு ஓடிவிடுகிறது. இவ்வளவு ஜெபம் இருக்கும்போது தனி ஜெபமும் தேவையா? வீட்டில் தனி அறை இல்லை. முழந்தாளிடாவிட்டால் குற்றமா?

பதில்: தேவைதான் சகோதரி. குடும்ப ஜெபத்தில் குறை இருக்கிறது என்பதற்காக அல்ல. அங்கே மாமி தன் கவலைகளைச் சொல்கிறார், நீங்கள் ஆமென் சொல்கிறீர்கள். மாமியைப் பற்றி உங்களுக்குள்ள கவலையை எங்கே சொல்வீர்கள்? கணவர் கட்டாரிலிருந்து எடுத்தால் முதலில் எல்லோரும் ஸ்பீக்கரில் பேசுவீர்கள். அப்புறம் நீங்கள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பேசுவீர்கள். முதல் பேச்சு இருக்கிறதே என்று இரண்டாவதை யாரும் விடுவதில்லை.

இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்ன இயேசுவுக்கே பூட்டுவதற்குச் சொந்தக் கதவு இருக்கவில்லை. கப்பர்நகூமில் அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. மறுநாள் இருட்டோடே எழுந்து வெளியே போய் ஜெபித்தார் என்று மாற்கு முதலாம் அதிகாரம் சொல்கிறது. உங்களுக்கு வெளியே போகவும் வேண்டாம். பஸ் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து தேற்றாத்தீவு வரும்வரை போனைக் கைப்பையில் வையுங்கள். அந்தத் துண்டுப் பயணம் போதும். காத்தான்குடிக்கு முன்னால் முடித்துவிடலாம், அங்கே நெரிசலும் ஹோர்ன் சத்தமும் தொடங்கிவிடும்.

நேரம் குறித்து ஜெபிப்பது வெறும் சடங்கு என்று நம் சபைகளில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்தான்குடியில் பாங்கு சொன்னதும் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். தானியேலும் ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று வைத்திருந்தார். நேரம் குறிக்காத ஜெபம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகும்.

என்ன சொல்வது? மேடை ஜெபத்தின் தமிழ் வேண்டாம். “மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த” என்று தொடங்கினால் உங்கள் கவலையைச் சொல்வதற்குள் பஸ் கல்லடிப் பாலம் ஏறிவிடும். வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள்: “ஆண்டவரே, இண்டைக்கு எனக்கு ஏலாது. ராத்திரி மாமியோட சத்தம் போட்டுட்டன்.” இது ஜெபம்தான். இயேசு சொன்ன உவமையில் தேவாலயத்தில் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது ஒரே வரி: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” அரசன் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்த அந்த இடைவெளியிலேயே, அவனுக்குப் பானம் பரிமாறிய நெகேமியா ஜெபித்துவிட்டார். சொந்த வார்த்தை வராத நாளில் இயேசு கற்பித்த கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாக, வரிக்கு ஒரு மூச்சு விட்டு, சொல்லுங்கள்.

மனம் டியூஷன் காசுக்குப் போனால் அதை இழுத்துக்கொண்டு வந்து சண்டை பிடிக்க வேண்டாம். அன்றைய ஜெபத்தின் பொருள் அந்தக் காசுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவரிடம் டியூஷன் காசைக் கேட்கக் கூடாதா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தனி ஜெபத்தை விட்டுவிடும் பலர் நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே ஒரு கோபம் இருக்கும். நம் கரையோரத்தில் 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்! 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். கூட்டத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது “ஏன் ஆண்டவரே?” என்று எப்படிக் கேட்பது? அதற்கு இடம் தனி ஜெபம்தான். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது, ஆனாலும் பாட்டோடு முடிகிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமும் இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தை விட்டு யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று: துக்கத்தில் தூக்கமும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் இல்லாமல் போனால் ஜெபத்தோடு வைத்தியரிடமும் போக வேண்டும். போதகரிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரவுக்குச் சின்னதாக ஒன்று. கத்தோலிக்கத் துறவிகளின் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் நாளைத் திரும்பிப் பார்த்து ஜெபிக்கக் கற்பித்தார். மெதடிஸ்த வீட்டிலும் செய்யலாம், தடையில்லை. பாயில் படுத்தபடி காலையிலிருந்து நடந்ததை ஓட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு நன்றி, ஒன்றுக்கு மன்னிப்பு. இடையில் தூங்கிப்போனால் போகட்டும்.

முழந்தாளைப் பற்றிக் கேட்டீர்கள். முடிந்த இடத்தில் முழந்தாளிடுங்கள், நல்லது. தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து ஜெபித்தார் என்று 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் சீட் கிடைத்தால் தாவீதைப் போல. கிடைக்காவிட்டால் அந்த ஆயக்காரனும் நின்றுகொண்டுதான் ஜெபித்தான்.