பாசியிலிருந்து எரிபொருள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திறந்த தொட்டியில் குளோரெல்லா என்ற நுண்பாசியை வளர்க்கிறோம். பத்து நாள் கரும்பச்சையாக இருந்த தண்ணீர், இரண்டே நாளில் வெளிறி அடியில் பழுப்புக் கசடு படிந்துவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: உரக் குறைவு என்றால் பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாகும், இவ்வளவு வேகமாக வெளிறாது. உங்கள் பாசியை ஏதோ மேய்ந்துவிட்டது. பெரும்பாலும் அது ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்ப்பிராணியாக இருக்கும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் நுண்மயிர்கள் துடிக்க, வயிறு முழுக்கப் பச்சையோடு நீந்தும். அந்தப் பச்சை உங்கள் பாசிதான்.

ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் காப்பாற்றலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை 3-க்கு இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, காஸ்டிக் சோடாவால் மறுபடி 7.5-க்கு ஏற்றுங்கள். குளோரெல்லா இதைத் தாங்கும், ரோட்டிஃபர் தாங்காது. முதலில் ஒரு லிட்டரில் செய்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போங்கள். முட்டைகள் தப்பியிருக்கலாம், அதனால் மூன்றாம் நாள் மறுபடி ஒரு சொட்டு பாருங்கள். தண்ணீர் ஏற்கெனவே தெளிந்துவிட்டதென்றால் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காய வைப்பதே மேல். புதிதாகத் தொடங்கும்போது தொட்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது கெட்டியான விதைப்பாசி வேண்டும்.

கேள்வி: நைட்ரஜனை நிறுத்தினால் எண்ணெய் ஏறும் என்கிறார்கள். பிஜி-11 என்ற ஊட்டக் கரைசலில்தான் வளர்க்கிறோம். எப்போது நிறுத்துவது?

பதில்: ஏறும். நைட்ரஜன் தீர்ந்தால் செல்லால் புரதம் கட்ட முடியாது, இரண்டாகப் பிரிந்து பெருகவும் முடியாது. வெளிச்சத்தில் பிடித்த கார்பனை எண்ணெய்த் துளியாகச் சேர்த்து வைக்கும். ஆனால் வளர்ச்சி படுத்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில் இதைத்தான் கண்டார்கள்: எண்ணெயின் பங்கு கூடியது, ஒரு நாளில் கிடைக்கும் மொத்த எண்ணெய் கூடவில்லை. ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 20 கிராம் பாசி, அதில் 20 சதவீதம் எண்ணெய் என்றால் 4 கிராம். பாசி 8 கிராமாகச் சுருங்கி எண்ணெய் 40 சதவீதமானால் 3.2 கிராம்தான். சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

உங்கள் தொட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிஜி-11-இல் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் உண்டு. திறந்த தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் பாசி நின்றாலே நல்ல விளைச்சல். அதற்கு ஏறத்தாழ 0.2 கிராம் சோடியம் நைட்ரேட் போதும். முழு அளவு ஊற்றினால் நைட்ரஜன் தீரவே தீராது. சோடியம் நைட்ரேட்டை மட்டும் லிட்டருக்கு 0.2 கிராமாகக் குறையுங்கள். மற்ற உப்புகளில் கை வைக்க வேண்டாம். கடைசி மூன்று நான்கு நாளில் அது தானே தீர்ந்து எண்ணெய் சேரும்.

கேள்வி: பாசியைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிப்பது? துணியில் வடிகட்டினால் எல்லாம் கீழே போய்விடுகிறது.

பதில்: போகத்தான் செய்யும். குளோரெல்லா செல்லின் விட்டம் 2 முதல் 10 மைக்ரான்தான். முதலில் திரளவிட வேண்டும். ஐந்து குடுவைகளில் ஒரு லிட்டர் வீதம் எடுத்து, காஸ்டிக் சோடாவால் பிஎச்சை 9.5, 10, 10.5, 11, 11.5 என்று ஏற்றி, மெல்லக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். ஏதோ ஒரு குடுவையில் திரிந்த பால்போல் பச்சைத் திட்டுகள் அடியில் இறங்கும். அதுவே உங்கள் அளவு. தண்ணீரில் உள்ள மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறிப் பாசியை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. எதிலும் திரளவில்லையென்றால் மக்னீசியம் போதவில்லை, லிட்டருக்கு 0.1 கிராம் எப்சம் உப்பு சேர்த்துப் பாருங்கள். மேல் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, கார்பன் டை ஆக்சைடு விட்டு பிஎச்சைக் குறைத்தால் மீண்டும் தொட்டிக்கு ஆகும். பாசிக்கு உணவும் அதுவே.

உண்மையான செலவு இதற்கு அப்புறம்தான். சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபின் கிடைக்கும் குழம்பில் 20 சதவீதம் பாசி என்று வையுங்கள். ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு 4 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் 9 மெகாஜூல் வேண்டும். அந்தக் கிலோவில் 250 கிராம் எண்ணெய் இருந்தால் அதன் ஆற்றலும் ஏறத்தாழ 9 மெகாஜூல்தான்! எரிபொருள் வைத்து உலர்த்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் ஈரக் குழம்பையே 300 முதல் 350 டிகிரி செல்சியஸில், 200 வளிமண்டல அழுத்தம் வரை கொடுத்துக் கச்சா எண்ணெயாக்கும் முறை வந்தது. அதற்குத் தக்க அழுத்தக் கலன் இல்லாமல் முயலவே கூடாது.

கேள்வி: எடுத்த எண்ணெயில் மெத்தனாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால் டீசலுக்குப் பதில் சோப்பு நுரை வருகிறது.

பதில்: எண்ணெயில் ஈரமோ தனித்த கொழுப்பு அமிலமோ இருக்கிறது. அறுவடை செய்த ஈரப் பாசியை அறைச் சூட்டில் ஓர் இரவு விட்டாலே அதிலுள்ள நொதிகள் எண்ணெயை உடைத்துவிடும். உடனே உலர்த்துங்கள் அல்லது உறைய வையுங்கள். கொழுப்பு அமிலம் 2 சதவீதத்துக்கு மேலிருந்தால், முதலில் மெத்தனாலோடு சிறிதளவு கந்தக அமிலம் சேர்த்து 60 டிகிரியில் வினைபுரிய விட்டு, அமிலத்தையும் நீரையும் நீக்கிய பிறகே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அதன் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும். மூடிய கலன், குளிர்விப்பான், நல்ல காற்றோட்டம் மூன்றும் இருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.