கேள்வி பதில்: பத்தாம் நம்பர் சட்டைக்காரர் பயிற்சியாளர் ஆன கதை

கேள்வி: கண்டியில் வளர்ந்தவன் என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ரக்பிப் பைத்தியம். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளர் ஆனதும் சறுக்கிவிடுகிறார்கள். அயர்லாந்தின் ரோனன் ஓகாரா மட்டும் எப்படி நிமிர்ந்து நின்றார்? (ஒரு வாசகர், கண்டி)

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிறந்தது அமெரிக்காவின் சான் டியாகோவில், வளர்ந்தது அயர்லாந்தின் கார்க் நகரில். 1997-லிருந்து 2013 வரை மன்ஸ்டர் என்ற ஒரே அணிக்கு ஆடினார். அயர்லாந்துக்காக 128 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), 1,083 புள்ளிகள், அதில் பெரும்பகுதி காலால் உதைத்து எடுத்தவை. அவருடையது பத்தாம் நம்பர் இடம், அதாவது ஃப்ளை ஹாஃப். ஸ்க்ரம்மிலிருந்து (இரு அணித் தடியாட்களும் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளும் கூட்டம்) பந்து வெளியே வந்ததும் ஓடுவதா, பாஸ் கொடுப்பதா, உதைப்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர். அந்த இடத்தில் ஆடுபவர் மைதானத்துக்குள்ளேயே பாதிப் பயிற்சியாளர்தான்.

ஆனால் அது மட்டும் போதாது. அவர் பட்ட அடிகளையும் பார்க்க வேண்டும். 2000-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, ட்விக்கன்ஹாமில். நார்தாம்ப்டனிடம் மன்ஸ்டர் 9-8 என்று ஒரே புள்ளியில் தோற்றது, கடைசி நேரத்தில் ஓகாரா உதைத்த பெனால்டி கம்பத்துக்கு வெளியே போனது. அப்போது அவருக்கு வயது 23. அதே கோப்பையை 2006-லும் 2008-லும் மன்ஸ்டர் வென்றபோது உதைத்தவரும் அவரேதான்.

2009 இன்னும் விசித்திரமான வருடம். மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக, இரண்டு நிமிடம்தான் மிச்சம், அயர்லாந்து ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறது. பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போதே உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார், அதுதான் டிராப் கோல். 17-15. அயர்லாந்துக்கு 61 வருடம் கழித்துக் கிராண்ட் ஸ்லாம், அதாவது அந்த வருடத் தொடரின் எல்லா ஆட்டத்திலும் வெற்றி! ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஸ்கோர் 25-25. தானே உயரத் தூக்கி அடித்த பந்தைத் துரத்திப் போய், அந்தரத்தில் இருந்த தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஃபூரி டு ப்ரே மேல் மோதிவிட்டார். பெனால்டி. மோர்னே ஸ்டெய்ன் தன் பாதியிலிருந்தே உதைத்து உள்ளே அனுப்ப, தொடரே போய்விட்டது. ஒரே வருடத்தில், மூன்று மாத இடைவெளியில், நாடே தலையில் வைத்துக் கொண்டாடியதையும் தொடரைத் தோற்ற பழியையும் சுமந்த மனிதர் அவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2013-ல் ஓய்வு பெற்றதும் கார்க்கிலேயே இருந்துகொண்டு பழைய பெயரை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ மொழி சரியாக வராத பாரிஸுக்கு, ரேசிங் அணிக்கு, உதவிப் பயிற்சியாளராகப் போனார். அங்கே உதைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் யார் தெரியுமா? ஜானி செக்ஸ்டன்! அயர்லாந்து அணியில் ஓகாராவின் இடத்தைப் பிடித்தவர். 2009-ல் டப்ளின் க்ரோக் பார்க்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், மன்ஸ்டருக்கு எதிராகத் தன் லென்ஸ்டர் அணி ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டதும், தரையில் கிடந்த ஓகாராவின் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினாரே, அவரேதான். அந்தப் படம் ரக்பி ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவருக்கே சொல்லிக்கொடுக்க ஒரு மனம் வேண்டும். அப்புறம் ரேசிங்கின் தடுப்பாட்டப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. ஆடிய காலத்தில் டேக்கிளில் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவதில்) வீக் என்று பெயர் வாங்கியவரிடம் தடுப்பாட்டம்! தனக்கு எளிதில் வராததைத்தான் அவர் ஆழமாக யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. 2016-ல் பார்சிலோனாவில் நடந்த பிரெஞ்சு லீக் இறுதிப் போட்டியில் ரேசிங் ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி, 14 பேரோடு ஆடி, துலோனை வென்றது.

அங்கேயும் நிற்கவில்லை. 2018-ல் குடும்பத்தோடு நியூசிலாந்து. க்ரூசேடர்ஸ் அணியில் ஸ்காட் ராபர்ட்சனுக்குக் கீழே மறுபடியும் உதவியாளர், இரண்டு சீசன், இரண்டும் சாம்பியன். 2019-ல் பிரான்ஸின் லா ரோஷெல் போனபோதும் மேலே ஜோனோ கிப்ஸ் இருந்தார். அணியின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது 2021-ல். எட்டு வருடம் அடுத்தவருக்குக் கீழே வேலை! உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நான் பார்த்தவரை, சறுக்கியவர்கள் பலர் இந்த எட்டு வருடத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவர்கள்.

லா ரோஷெல் அட்லாண்டிக் கரையில் ஒரு துறைமுக ஊர், பெரிய கோப்பை எதையும் பார்த்ததில்லை. 2021-ல் ஐரோப்பிய இறுதி, பிரெஞ்சு லீக் இறுதி இரண்டிலும் துலூஸிடம் தோல்வி. 2022-ல் மறுபடி ஐரோப்பிய இறுதி, மார்செயில், எதிரே லென்ஸ்டர். அவர்கள் எடுத்த 21 புள்ளியும் பெனால்டி உதைகள், ட்ரை ஒன்றுகூட இல்லை. கடைசியில் லா ரோஷெல் நான்கு புள்ளி பின்னால். உதைத்தால் மூன்றுதான், ஆகவே ட்ரையே போட்டாக வேண்டும். கோட்டுக்குப் பக்கத்திலேயே தடியாட்கள் மாற்றி மாற்றி முட்டி மோத, அந்தக் குவியலில் ஆர்த்தர் ரெத்தியே கையை நீட்டிப் பந்தை வைத்தார். 24-21, மூன்று ட்ரை. காலை நம்பி வாழ்ந்த மனிதரின் அணி கையால் ஜெயித்தது. பந்தை உயிரோடு வைத்திரு என்பதுதான் அவர் அங்கே திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். அடுத்த வருட இறுதியில் டப்ளினில் அதே லென்ஸ்டர், முதல் 12 நிமிடத்தில் அவர்கள் 17-0 என்று முன்னால். அங்கிருந்து எழுந்து லா ரோஷெல் 27-26 என்று வென்றது. மனசு நிறைந்துபோன ஆட்டம் அது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நடுவர்களோடு மல்லுக்கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தடை வாங்கியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஃபுட்பாலில் பயிற்சியாளர் கோட்டோரம் நின்று கத்துகிறார். ரக்பியில் ஏன் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மேலே இருந்தால்தான் முப்பது பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் இடம் காலியாகக் கிடக்கிறது என்பது தெரியும். லேப்டாப்பில் உடனே காட்சியைத் திரும்பப் பார்க்கலாம். செய்தி கீழே ரேடியோவில் போகும், தண்ணீர் கொண்டு ஓடுகிறவர் உள்ளே சேர்ப்பார். ஆனால் பெனால்டி கிடைத்ததும் உதைப்பதா, மூலைக்கு அடித்து ட்ரைக்குப் போவதா என்று நடுவரிடம் சொல்வது கேப்டன்தான்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் ரக்பி ஆடுகிறான், முழங்காலில் அடிபட்டு ஒரு சீசன் போய்விட்டது. பயிற்சியாளர் ஆகலாமா என்கிறான். (ஒரு தகப்பனார், சென்னை)

பதில்: தாராளமாக, ஐயா. உலக ரக்பி அமைப்பின் 'ரக்பி ரெடி' பாடம் இணையத்தில் இலவசம். டேக்கிள், ஸ்க்ரம் பாதுகாப்பிலிருந்து தொடங்கும். அதை முடித்துவிட்டு லெவல் 1 போகலாம். கால் குணமாகும் வரை அந்தக் கல்லூரி மைதானத்திலேயே ஜூனியர் பையன்களுக்குப் பாஸ் சொல்லிக்கொடுக்கட்டும். வாரம் இரண்டு நாள் போதும்.