அலமாரியில் கிடக்கும் நெட்புக் கணக்கு எழுத உதவுமா?

கேள்வி: 2010-இல் மகன் படிப்புக்காக வாங்கிய 10 அங்குல நெட்புக் சும்மா கிடக்கிறது. இன்டெல் ஆட்டம் என்270, 1 ஜி.பி. ராம், விண்டோஸ் 7. இயங்கத் தொடங்கவே நெடுநேரம் ஆகிறது. தோட்டத்துத் தக்காளி மண்டிக்குப் போகும் கணக்கைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். லினக்ஸ் போடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாகப் போடலாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ்; அதில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் இணையம் பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

என்270 ஒரு 32-பிட் சிப்; 64-பிட் மென்பொருள் அதில் ஓடாது. எதைப் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. லுபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 18.10-க்குப் பிறகு 32-பிட் பதிப்பு கிடையாது. டெபியன் என்ற வகையின் 13-ஆம் பதிப்பும் இத்தகைய கணினிகளைக் கைவிட்டுவிட்டது. எனவே டெபியன் 12-ஐ ஒட்டி வந்த ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32-பிட் பதிப்பை எடுங்கள். திரையில் சாளரங்களைக் காட்டி நகர்த்தும் ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளரோடு வருவதால், 1 ஜி.பி.யில் பெரும்பகுதி உங்கள் வேலைக்கே மிஞ்சும்.

உடனே நிறுவாதீர்கள். ரூஃபஸ் மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் சரியா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அப்போது இணையதளங்கள் சான்றிதழ் பிழை என்று திறக்க மறுக்கும். லினக்ஸைக் குறை சொல்வார்கள், பாவம்! அந்த பேட்டரியை மாற்றினால் போதும்.

திரையின் உயரம் 600 புள்ளிகள்தான். சில சாளரங்களில் 'ஓகே' பொத்தான் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை மவுஸால் மேலே இழுங்கள்.

கணக்குக்கு நியூமெரிக் என்ற விரிதாள் மென்பொருள் போதும். காவேரிப்பட்டினத்தில் என் சித்தப்பா மாங்காய் வரவு, கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் அதில்தான் எழுதுகிறார். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் எம்17என் மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். பிரவுசரில் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே திறந்திருக்கட்டும். யூடியூப் இதில் வேண்டாம்.

பிடித்துப்போய் நிறுவும்போது, வட்டு முழுவதையும் பயன்படுத்தச் சொன்னால் பழைய கோப்புகள் அத்தனையும் அழிந்துவிடும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்டு, முதலில் வேறு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.