ஃபாயில் வாள்வீச்சு சோறு போடுமா? ஒரு பெற்றோருக்குப் பதில்

மகள் ஃபாயிலில் (வாள்வீச்சின் மூன்று ஆயுதப் பிரிவுகளில் ஒன்று) முழுமூச்சாக இறங்கப் போகிறேன் என்கிறாள், படிப்பு என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலியின் வாலெந்தினா வெத்ஸாலியை அவள் முன்மாதிரியாகச் சொல்வது சரியான தேர்வுதான். பதக்கத்தோடு, மாதச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1974இல் இத்தாலியின் யேசி நகரில் பிறந்த வெத்ஸாலி, 6 வயதில் உள்ளூர் கிளப்பில் எத்ஸியோ திரிக்கோலியிடம் வாள் பிடித்தார். ஒலிம்பிக் சாம்பியன் ஜொவான்னா திரில்லினியும் அதே கிளப்தான். 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றபோது வெத்ஸாலி காவல்துறையின் விளையாட்டு அணியான ஃபியாம்மே ஓரோவின் வீராங்கனை. ராணுவம், விமானப்படை, நிதிக் காவல் படைக்கும் அங்கே இப்படி அணிகள் உண்டு. தேசிய அளவில் தேறியவர்கள் அரசுப் போட்டித் தேர்வு வழியாகச் சேருகிறார்கள். வெத்ஸாலி 42 வயதுவரை ஆடியதற்கு இந்த ஏற்பாடு பெரிய பலம் என்பேன்.

இனி உங்கள் மகளுக்கு வருவோம். முதலில் வயதுக் கணக்கு. போட்டிப் பிரிவுகளில் கேடட் 17 வயதுக்கு உட்பட்டோருக்கு, ஜூனியர் 20க்கு உட்பட்டோருக்கு. பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரிச் சேர்க்கையும் இதற்கு நடுவில்தான் வரும். பள்ளியை நிறுத்தாதீர்கள், வருகைப்பதிவுச் சலுகையைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கருவி. பலர் தோற்பது இங்கேதான். வாள் முனையின் ஸ்பிரிங் பொத்தான் 500 கிராம் எடையைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் களத்திலேயே எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை. குத்து பட்டதை மின்சாரம் வழியாகக் காட்டும் உலோக இழை மேலங்கியை வியர்வையோடு மடித்து வைத்தால் இழை அரித்துப்போகும். அந்த இடத்தில் பட்ட சரியான குத்துக்கும் வெள்ளை விளக்கு (இலக்குக்கு வெளியே பட்டது என்ற குறி) எரியும், புள்ளி கிடைக்காது. விரித்துக் காயவையுங்கள். வாளும் உடல் வயரும் (வாளைப் புள்ளிக் கருவியோடு இணைக்கும் கம்பி) இரண்டிரண்டாவது பையில் இருக்கட்டும்.

இத்தாலிக்கு அனுப்பவா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னையின் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி லிவோர்னோவில் நிக்கோலா ஸனோத்தியிடம் பயிற்சி பெற்றது உண்மை. ஆனால் அவர் ஆயுதம் சேபர், வாள்வீச்சின் இன்னொரு பிரிவு. அந்தப் பயிற்சியாளரே ஃபாயிலுக்கும் பொருந்துவார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய கேடட் அணியில் இடம் பிடிக்கும்வரை பணத்தை உள்ளூர்ப் பயிற்சிக்கும் தேசியப் போட்டிகளுக்குமே செலவிடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் துறைகளின் அறிவிப்பில் வாள்வீச்சு இருக்கிறதா, எந்த நிலைப் பதக்கம் கேட்கிறார்கள் என்பதை இப்போதே படித்துக் குறித்து வையுங்கள். சான்றிதழ்களின் அசலைப் பத்திரப்படுத்துங்கள்.