விளி நிற்கும் இடம்

அன்புள்ள ஐயா,

சங்க அகப்பாடல்களையும் எழுநூறு பாடல்கள் கொண்ட பிராகிருதத் தொகுப்பான காதாசப்தசதியையும் அருகருகே வைத்து, இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கணினியில் எண்ணி வருகிறேன். தோழி, தாய், வழிப்போக்கன், கார்காலம் எல்லாம் இரண்டிலும் நிறைய வருகின்றன. இதை வைத்து எது எதிலிருந்து எடுத்தது என்று நிறுவலாமா? எந்த மென்பொருள் ஏற்றது? எண்ணிக்கை பொய் சொல்லாது என்றே நம்புகிறேன்.

ஆய்வு மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தம்பி,

இரு மொழிகளின் பழம்பாடல்களை மூலத்திலேயே படிக்க முனைந்திருக்கிறீர்கள். இந்த வயதில் அந்த உழைப்பைக் காண்பது மகிழ்ச்சியளிக்கிறது. மென்பொருளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் துறையில் எவரும் சொல்வார்கள். எது முந்தியது என்ற கேள்வியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். விடையை முடிவு செய்துகொண்டு சான்று தேடுகிறவரின் கேள்வி அது. அது உங்களுக்குத் தகாது.

எண்ணிக்கை பொய் சொல்லாது என்ற உங்கள் வரியைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய தோழிக்குரைத்த பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாடல்களும் ‘அம்ம வாழி தோழி’ என்றே தொடங்குகின்றன. கபிலரின் அன்னாய் வாழிப் பத்தோ ‘அன்னாய் வாழி வேண்டன்னை’ என்று தொடங்குகிறது. உங்கள் கணினி இவற்றைத் தோழி பத்து, அன்னை இருபது என்று பட்டியலில் சேர்த்துவிடும். ஆனால் இச்சொற்கள் பாடலின் பொருளாக அங்கே வரவில்லை. பாடுபவள் யாரை நோக்கித் திரும்புகிறாள் என்பதைக் காட்டும் வாயிலாக, முதலடியில், மாறாத இடத்தில் நிற்கின்றன. ‘அம்ம கேட்பிக்கும்’ என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிட்டது. கேட்க வைப்பதற்கான சொல்லை, கேட்கப்பட்ட செய்தியோடு ஒரே கணக்கில் எழுதலாமா?

என் சிறுவயதில் சேலம் குகைப் பகுதியில், தெலுங்கு பேசும் நெசவாளர் வீடொன்றில் ஒரு முதியவர் இறந்தபோது கேட்ட ஒப்பாரி இன்னும் என் காதில் இருக்கிறது. அவருடைய மகள்கள், தறிக்குழிகள் அடுத்தடுத்து இருந்த அந்தத் தெருவின் தமிழ்ப் பெண்களிடமிருந்தே ஒப்பாரி கற்றிருந்தார்கள். அடிகள் முழுவதும் தமிழ், உவமைகளும் தமிழ், இழுத்து நிறுத்தும் ராகமும் தெருவுக்குப் பொதுவானது. ஆனால் ஒவ்வோர் அடியின் தலையிலும் ‘நைனா’ (அப்பா) என்ற தெலுங்கு விளி, அதாவது அழைக்கும் சொல், மட்டும் மாறவில்லை. அருகில் அமர்ந்து கூட அழுத தமிழ்ப் பெண்கள் அதே அடியை ‘என்னப் பெத்த அய்யா’ என்று எடுத்தார்கள். அந்த விளியை நீட்டிக்கொண்டே அடுத்த அடியை மனத்தில் கட்டினார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. நைனா என்ற சொல்லை எண்ணி அதைத் தெலுங்குப் பாட்டு என்பீர்களா, மற்ற சொற்களை எண்ணி அந்த மகள்களின் வீட்டு மொழியை மறுப்பீர்களா?

வாய்மொழிப் புலவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் ஆயத்தத் தொடர்களான வாய்பாடுகளைச் சங்க வீரப்பாடல்களில் ஈழத்து ஆய்வாளர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். நீங்கள் அவரைப் படிக்காமலே எண்ணத் தொடங்கியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு சொல் பலமுறை வருவதற்கு முதற்காரணம் மரபு; கடன் அதற்குப் பின்னால்தான்.

இன்னொரு சான்று நம் ஊர்ப்பக்கத்துக்கே உறவானது. தகடூர், அதாவது 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தர்மபுரி, ஆண்ட அதியமானைப் பற்றியது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது. பெயர் தமிழ், வினை தமிழ், கொடுத்த பொருளான பாளியும் (உறைவிடம்) தமிழ்ச் சொல். தலையில் நிற்கும் ‘ஸதியபுதோ’ என்ற பட்டம் மட்டும் பிராகிருதம், அதுவும் பிராகிருத ஈற்றோடு. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, கிர்நாரில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் ஸதியபுதோவும் அதுவே. ஒரு சொல்லை மட்டும் எண்ணினால் இந்த வரியின் கட்டமைப்பு எங்கே தெரியும்? பட்டம் எங்கே நிற்கிறது, அதன் பின் மொழி எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

காதாசப்தசதியிலும் இதையே செய்யுங்கள். வடமொழிக் கவிதையியலாளர் ஆனந்தவர்த்தனர் தம் நூலான த்வன்யாலோகத்தில் எடுத்தாளும் ஒரு காதையில், ‘மாமியார் இங்கே படுப்பார், நான் இங்கே, பகலிலேயே பார்த்துக்கொள், வழிப்போக்கனே, இரவில் எங்கள் படுக்கையில் விழுந்துவிடாதே’ என்று ஒருத்தி வழிப்போக்கனிடம் சொல்கிறாள். வழிப்போக்கன் என்ற சொல் இங்கே விளி. சங்க அகத்தின் தலைவி வழிப்போக்கனை நோக்கி இப்படிப் பேசுவதில்லை. அவள் தன் தோழியிடம் பேசுகிறாள். சொல் இரண்டிலும் இருக்கலாம், கேட்பவர் மாறிவிட்டார். அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான தக்காணத்து நாட்டார் வழக்கை முன்வைத்தபோதும், சொற்பட்டியலை மட்டும் நம்பவில்லை. இல்லத்தில் காத்திருத்தல், மழை, பிரிவு ஆகிய சூழல்களையே ஒப்பிட்டார்.

ஆகவே முதல் வேலையாக விளிகளை உங்கள் கணக்கிலிருந்து தனியே எடுத்து, கூறுபவர், கேட்பவர், அடியில் நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பாடலுக்கும் கையால் எழுதுங்கள். குறுந்தொகை முழுவதற்கும் எழுதி முடித்த பின் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அதற்கு முன் எண்களை மட்டும் அனுப்பினால் பதில் வராது.