கண் சிமிட்டுறது, தொண்டை செருமுறது: திட்டுனா நிக்காது

சகோ, 7 வயசுப் பையன் ரெண்டு மாசமா கண்ணைச் சிமிட்டுறான், இப்ப தொண்டையும் செருமுறான், ஸ்கூல்ல இல்ல வீட்லதான் அதிகம், வேணும்னே பண்றானான்னு கேட்டிருந்தீங்க. இல்லவே இல்ல. இதுக்குப் பேரு டிக் (tic), தன்னையறியாம திரும்பத் திரும்ப வர்ற அசைவோ சத்தமோ. தும்மலுக்கு முன்னாடி மூக்குல ஒரு குறுகுறுப்பு வரும்ல, அந்த மாதிரி உள்ளுக்குள்ள ஒரு உந்துதல், கொஞ்ச நேரம் அடக்கலாம் ஆனா பண்ணாத்தான் நிம்மதி, அதான் வெளியில அடக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்க்குறான்.

இதே மாதிரி பண்ணுன என் பொண்ணுகிட்ட நானும் "நிறுத்துடி"ன்னு கத்துனவன்தான், அன்னிக்கு சாயங்காலமே தோளையும் சேர்த்துக் குலுக்க ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல.

டூரெட்னு (பல டிக் ரொம்ப நாள் நீடிக்கிற நரம்புப் பிரச்சினை) இப்பவே பயப்படாதீங்க. அசைவு டிக் ரெண்டாவது, சத்த டிக் ஒண்ணாவது இருந்து, ஆரம்பிச்சு 1 வருஷம் தாண்டினாத்தான் அந்தப் பேரு. டூரெட்ல கெட்ட வார்த்தை தானா வர்றதெல்லாம் கொஞ்சப் பேருக்குத்தான் (சினிமாக்காரங்க கெடுத்து வச்சிருக்காங்க). பொதுவா 10-12 வயசுல உச்சத்துக்குப் போகும், அப்புறம் நிறையப் பேருக்குக் குறைஞ்சிரும்.

கண்ணை ஒருதடவை செக் பண்ணிட்டு குழந்தைங்க நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரைக்கு முன்னாடி பிஹேவியர் தெரபி (டிக்கைச் சமாளிக்கக் கத்துத்தர்ற பயிற்சி) பத்திக் கேளுங்க. கிளாஸ் மிஸ்கிட்டயும் சொல்லி வைங்க, எல்லார் முன்னாடியும் அதட்டிடப் போறாங்க.